டிசம்பருக்கு ஒரு புள்ளி

இதை எழுதும்போது நான் போட்டிருக்கும் ஸ்வெட்டரில் பாச்சா உருண்டை வாசனை இன்னும் போகவில்லை. ஏப்ரலில் கட்டிலின் பலகையைத் தூக்கி, அடியிலிருக்கும் பெட்டிக்குள் குளிர்கால உடுப்புகளை அடுக்கியபோது, "எடுத்தா ஒரு நாள் வெயில்ல போட்டுட்டுத்தான் உடுத்தணும்" என்று சொல்லியிருந்தாய். மயூர் விஹாரில் இப்போது வெயில் பனியைக் கிழித்துக்கொண்டு வரவே நேரமாகிறது. வந்தாலும் நம் பால்கனிக்கு எட்டுவதற்குள் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுகிறது. அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பெட்டிக்குள் எல்லாம் நீ வைத்தபடியே இருந்தது. பஞ்சடைத்த ரஜாய், என் ஸ்வெட்டர்கள், உன் மெரூன் சால்வை. சால்வையின் மேல் ஒரு பலூன் பாக்கெட். மே மாதம் நாம் வாங்கியதில் மிச்சம். வேறு இடம் கிடைக்காமல் நீதான் அங்கே செருகியிருப்பாய். சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. அம்மா, ஆபீஸ் நண்பர்கள், உன் வார்டு நர்ஸ் தோழிகள் எல்லோரும் "அழுதுடு, நல்லது" என்கிறார்கள். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. செப்டம்பரில் டெங்கு என்று நீ படுத்தபோது பிளேட்லெட் எண் இறங்கிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா, அன்றிலிருந்து இப்படித்தான்.

ஆனால் இன்று உன்னிடம் சொல்ல வந்தது வேறு. கிட்டாருக்கு நாம் பார்த்துப் பார்த்து வாங்காமல் விட்ட, கார்வை சேர்க்கும் அந்த ரிவெர்ப் பெடலை வாங்கிவிட்டேன். எதை வாங்கினேன், என்ன ஆயிற்று என்று உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் பாதியில் தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

நாம் சந்தித்ததே அந்தக் கிட்டாரால்தான். மெட்ரோவில் முதுகில் அதைக் கட்டிக்கொண்டு நீ திரும்பினாய், உறையின் முனை என் மூக்கில் இடித்தது. "ஐயோ, ஸாரி பையா" என்றாய், ஹிந்திக்காரன் என்று நினைத்து. நான் தமிழில் "பரவாயில்ல" என்றேன். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் உன் ஆம்ப் உறுமுகிறது என்று நீ சொல்லி, ஜாக்கில் கிரவுண்ட் ஒயர் விட்டிருக்கும் என்று நான் சொல்லியாகிவிட்டது. அதற்கு நடுவில் நான் எத்தனையோ தடவை "அச்சா" சொல்லியிருக்கிறேன். "அச்சா அச்சாங்காதீங்க, தும்முத மாதிரி இருக்கு" என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு நான் அச்சா சொல்லும்போதெல்லாம் "நூறு ஆயுசு" என்று முடித்துவைப்பாய். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எனக்கு, திருநெல்வேலித் தமிழ் அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

உன் சபைக்கு நான் வந்தது ஒயர் தூக்கத்தான். என் அம்மா பிள்ளையாருக்கு விளக்கேற்றுகிறவள்; எனக்கு எந்தப் பாட்டுக்கு எப்போது எழுந்திருக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் தை கடைசியில் கல்யாணம் முடிந்ததும் உன் பாடகர் குழுவை நடத்தும் அண்ணாச்சி என்னை "மாப்ள" என்று கூப்பிட ஆரம்பித்தார். சபை முழுக்க எனக்கு அதுவே பெயராகிவிட்டது. சவுண்ட் மிக்ஸருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கிடைத்தது.

பங்குனி வெயிலில் ஆட்டோவிலிருந்து இறக்கும்போது உன் ஆம்ப் கீழே விழுந்தது. பாட்டு வந்தது, கார்வை போய்விட்டது. உள்ளே இருந்த ஸ்பிரிங்தான் சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெரிய அறையின் முழக்கத்தைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது; அது அறுந்திருந்தது. அந்தப் பழைய ஆம்புக்கு அந்தச் சாமான் இனிமேல் கிடைக்காது. அதற்குப் பதிலாகத்தான் காலால் மிதித்து இயக்கும் ஒரு பெடல் வாங்கலாம் என்று கிளம்பினோம். அதுவும் அதே வேலையைச் செய்யும். எவ்வளவு பெரிய அறை, எவ்வளவு நேரம் முழங்க வேண்டும் என்று நாமே திருகி வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு எதையும் அளக்காமல் வாங்கத் தெரியாது. மே மாதம் ஒரு பிற்பகல், சபை வாடகைக்கு எடுக்கும் அந்த ஹாலுக்கு உன்னை அழைத்துப்போனேன். கோட்டா கல் தரை, உயரமான கூரை, வெறும் சுவர். நீ பலூனை ஊதிப் பிடித்துக்கொண்டு ஹேர்பின்னால் குத்தினாய். நான் மைக்கில் அந்த வெடியைப் பதிந்து, சத்தம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று லேப்டாப்பில் கோடு போட்டேன். வாசலில் காவலுக்கு இருந்த சௌகிதார் என்ன ஆயிற்று என்று ஓடிவந்தார்.

"க்யா ஹுவா மேடம்?"

"குச் நஹி பையா, பர்த்டே."

"கிஸ்கா?"

"ஹால் கா."

ஹாலுக்கே பிறந்தநாளா என்று அவர் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். நீ சிரித்த சிரிப்பும் அந்தப் பதிவில் இருக்கிறது. வெடிச் சத்தத்துக்கும் அதற்கும் ஒரே வால்தான். கூரைவரை போய்த் திரும்பி வந்து மெதுவாக அடங்குகிறது.

"இந்த ஹாலே ஒரு ரிவெர்ப்தான்" என்றேன். "இதுக்கு மேல நம்ம சேர்த்தா எல்லாம் கஞ்சியாயிடும். ரொம்பக் கொஞ்சம் போதும்."

"கஞ்சி நல்லதுதானே" என்றாய். பிறகு லேப்டாப்பில் இருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, "டிசம்பர் வரட்டும். கிறிஸ்மஸ் கேரல் சர்வீஸ்ல கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்" என்றாய்.

"டிசம்பர்னா என்ன? சுவர் அதே சுவர்தானே."

"சுவர் அதேதான். நீங்க எங்ககூட இன்னும் ஒரு டிசம்பரும் பார்க்கலியே."

டிசம்பரில் கடைகளில் தள்ளுபடி இருக்கும், அதைச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். கேட்க வேண்டிய விஷயமாக அது அப்போது எனக்குப் படவில்லை.

இருந்தாலும் தரியாகஞ்ச் பக்கம் கடைகளைச் சுற்றிப் பார்த்தோம். கடைசியில் இரண்டில் வந்து நின்றோம். ஒன்று, சின்னத் திரை வைத்தது. தேவாலயம், குகை, கிணறு என்று உள்ளே பெரிய பட்டியல். நாம் வைக்கும் அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும். நான் அதன் மேல் குனிந்தவன் நிமிரவில்லை. இன்னொன்று, மூன்று குமிழ் மட்டும் உள்ள பச்சை நிறப் பெட்டி. எவ்வளவு நேரம், எவ்வளவு கலப்பு, எவ்வளவு பளபளப்பு. அவ்வளவுதான்.

"மெனுவுக்குள்ள மெனு போய்க்கிட்டே இருக்கு" என்றாய். "டூட்டி முடிச்சு வாரவளுக்கு இது ஆகாது. அதுவும் போக, இதுல எங்க புள்ளி வைக்க?"

புள்ளி என்று நீ சொன்னது நகப்பாலிஷை. வார்டில் நகத்துக்குச் சாயம் பூசக் கூடாது; உன் விரலில் நான் அதைப் பார்த்தது நம் கல்யாணத்தன்று மட்டும். உன் சிவப்புப் பாட்டில் கிட்டார் உறையின் பைக்குள்தான் எப்போதும் இருந்தது. ஆம்பில் எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாய். "இருட்டுலயும் தெரியும், அவசரத்துலயும் தெரியும். மருந்து டிரேல லேபிள் ஒட்டுத மாதிரிதான்" என்பாய். எல்லாக் குமிழுக்கும் ஒரு புள்ளி. கார்வைக் குமிழுக்கு மட்டும் இரண்டு, கீழே ஒன்று, பாதிக்கு மேலே ஒன்று. மேலே இருப்பது பழையது, அழிக்க மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

இரண்டையும் வாங்காமல் திரும்பினோம். கடைக்காரர் "சோச் லோ, ஆராம் ஸே" என்றார். யோசிக்க நமக்கு டிசம்பர் வரை நேரம் இருந்தது.

செப்டம்பருக்குப் பிறகு சபையில் உன் கிட்டாரை ஷீபா வாசிக்கிறாள். உன் வார்டில் உனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த பெண். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். கிட்டாரைக் கேட்டு அவள் வந்தபோது நான் ஒன்றும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவதை நிறுத்திவிட்டேன். ஒயர் தூக்க வேறு ஆட்கள் இருப்பார்கள் என்று இருந்தேன்.

டிசம்பர் பிறந்த வாரம் அண்ணாச்சி போன் செய்தார்.

"மாப்ள, எப்பிடி இருக்கிய?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"சாப்ட்டியளா?"

"ஆச்சு."

"பொய் சொல்லாதிய." கொஞ்சம் செருமிக்கொண்டார். "விஷயம் என்னன்னா, கிட்டாரு. ஷீபா நல்லாத்தான் வாசிக்கா. ஆனா வெறும் கம்பியத் தட்டுத மாதிரி கேக்கு. கமிட்டில எல்லாரும் கீபோர்டே போதும்ங்காவ. நான் கேரல் சர்வீஸ் வரைக்கும் பொறுங்கன்னு சொல்லிருக்கேன். அதுலயும் சரிவரலன்னா நீங்க வந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க மாப்ள. அவ சாமான் இங்க ஒரு மூலைல தூசி படிஞ்சு கெடக்க வேண்டாம்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். உன் செருப்பு, உன் டிபன் டப்பா, உன் ஸ்டெதஸ்கோப், எல்லாம் இங்கே சும்மா இருக்கின்றன. உன் சாமான்களில் சும்மா இருக்காதது அந்தக் கிட்டார் ஒன்றுதான். அதுவும் வந்து பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. துக்கம் என்றுகூடச் சொல்லமாட்டேன். கூடாது என்று மட்டும் தெரிந்தது. எதுவும் வேண்டும் வேண்டாம் என்றே தோன்றாமல் இருந்தவனுக்கு, அதுவே பெரிய விஷயம்.

மறுநாள் ஆபீஸில் அரை நாள் லீவ் போட்டுவிட்டுத் தரியாகஞ்ச் போனேன். திரை வைத்ததையும் பச்சைப் பெட்டியையும் கடைக்காரர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மேடம் நஹி ஆயீ?" என்று கேட்டார். "ஆஜ் நஹி" என்றேன். இன்று வரவில்லை என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அதைவிட நீளமாக ஹிந்தியில் சொல்ல வேறு வாக்கியம் வரவில்லை. திரையைத் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அதில் புள்ளி வைக்க இடமில்லை. பச்சைப் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒத்திகை. லேப்டாப்பில் மே மாதக் கோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கு சொன்னபடி மிகக் கொஞ்சமாகக் கார்வையைத் திருகி வைத்தேன். ஷீபா எல்லாக் கம்பியையும் சேர்த்து ஒரு கார்ட் அடித்தாள். காலி ஹால், சத்தம் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"போதுமாண்ணா?" என்றாள்.

"போதும். கணக்கு சரியா இருக்கு."

"அக்கா இதவிடக் கூட வைப்பாங்கன்னு நினைப்பு."

"அது பழைய ஆம்ப்" என்றேன்.

ஞாயிறு மாலை நான் என் பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ சொன்ன டிசம்பர் ஒவ்வொன்றாக உள்ளே வர ஆரம்பித்தது. பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, சாக்ஸ் போட்ட காலோடு செருப்பு. குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாகப் பெரியவர்கள். ரஜாய் கனத்துக்கு ஜாக்கெட் மாட்டிய குழந்தைகள். கல் தரை ஜில்லென்று இருக்கிறது என்று முழு ஹாலுக்கும் தடித்த தரிவிரிப்புகளை விரித்திருந்தார்கள். ஊருக்கு ரயிலேறுவதற்கு முந்தைய ஞாயிறு என்பதால் ஒருத்தரும் பாக்கியில்லை. அவர்கள் எல்லோரிடமிருந்தும் ஒரே பாச்சா உருண்டை வாசனை வந்தது. அந்த வாரம் டெல்லித் தமிழர்கள் அத்தனை பேரும் கட்டில் பலகையைத் தூக்கியிருந்தார்கள்.

முதல் பாட்டு தொடங்கியது. கிட்டார் செத்துப்போயிருந்தது.

நான் சொல்வது புரியும் உனக்கு. நேற்று நன்றாக இருந்த அதே அளவு, அதே ஆம்ப், அதே விரல். ஆனால் ஒவ்வொரு கார்டும் ஆம்பை விட்டு வெளியே வந்ததும் அங்கேயே விழுந்தது. இத்தனை கம்பளியும் விரிப்பும் சத்தத்தை வாங்கி வாங்கித் தங்களுக்குள் வைத்துக்கொண்டன. திரும்பி வர ஒன்றும் மிச்சமில்லை. இதில் நம் ஆட்கள் வேறு. வரி முடியும் இடத்தில் பெரியவர்கள் இழுப்பார்கள், எத்தனை தடவை நீ சொல்லியிருக்கிறாய். கிட்டார் முடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது, அவர்கள் பின்னால் தனியாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணாச்சி கையசைத்தபடியே காதைத் தீட்டினார். பிறகு கீபோர்டு வாசிக்கிறவரை ஒரு பார்வை பார்த்தார். ஷீபா என்னைப் பார்த்தாள்.

குனிந்துகொண்டே மேடைக்குப் போய்ப் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு கூட்டுவது என்று தெரியவில்லை. லேப்டாப் நாற்காலியில் கிடந்தது. கையில் இருந்தாலும் அதற்கும் தெரிந்திருக்காது. தரையில் உட்கார்ந்ததால் ஆம்பின் முகம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அறுந்துபோன ஸ்பிரிங்குக்கான அந்தக் குமிழ், இப்போது திருகினாலும் ஒன்றும் ஆகாத குமிழ். அதைச் சுற்றி இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

நீ எதையும் அழிக்க மறக்கவில்லை. கீழே இருப்பது மே. எல்லோரும் லீவுக்கு ஊருக்குப் போய், ஹால் பாதி காலியாகக் கிடக்கிற மே. மேலே இருப்பது இது. சுவர் அதேதான் என்று நீ சொன்னது எனக்கு அந்தத் தரையில், விரிப்புத் தூசி மூக்கில் ஏற, விளங்கியது.

பெடலின் குமிழை மேல் புள்ளி நின்ற கோணத்துக்குத் திருப்பினேன். என் கணக்குக்கு அது ரொம்ப அதிகம். ஷீபா அடுத்த வரியின் கடைசிக் கார்டை அடித்தாள். அது காற்றிலேயே நின்றது. அடித்த கை நின்ற பிறகும் நின்றது. பின்னால் இழுத்துக்கொண்டு வந்த பெரியவர்களின் குரல் வந்து அதன் மேல் உட்காரும்வரை நின்று, பிறகு இரண்டும் சேர்ந்து அடங்கின. அதற்கு அடுத்த வரியிலும் அப்படியே. அண்ணாச்சி கீபோர்டு பக்கம் திரும்பவில்லை.

நான் எழுந்து போகவில்லை. பாட்டு முடியும்வரை தரையிலேயே இருந்தேன். அழவில்லை, அதை உன்னிடம் மிகைப்படுத்திச் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டது. செப்டம்பரிலிருந்து சத்தங்கள் எனக்கு வந்துகொண்டுதான் இருந்தன, கேட்கவில்லை. அன்று கேட்டது.

முடிந்ததும் அண்ணாச்சி கேக் தட்டோடு வந்தார்.

"அது என்ன மாப்ள, சர்வீஸ் நடுவுல தரைல உக்காந்து தியானமா?"

"அவ வச்ச இடத்துக்குத் திருப்பினேன் அண்ணாச்சி."

அவர் குனிந்து ஆம்பில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். "கிட்டாரு இங்கயே இருக்கட்டும்" என்றார். "கமிட்டிக்கு நான் சொல்லிக்கிடுதேன். கேக்கத் தின்னுங்க மொதல்ல. ஆளு பாதியாப் போயிட்டிய."

ஷீபா உறையின் பையிலிருந்து உன் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "நீங்கதாண்ணா வைக்கணும்."

மூடியைத் திறந்து பிரஷை எடுத்தேன். பச்சைப் பெட்டியில் குமிழ் நின்ற இடத்துக்கு நேராக வைத்தேன். பிரஷில் சாயம் அதிகம், கொஞ்சம் இழுபட்டுவிட்டது.

"அக்கா வச்சா வட்டமா இருக்கும்" என்றாள் ஷீபா. "இது கொசு அடிச்ச மாதிரி இருக்கு."

சொன்ன பிறகுதான் கொசு என்ற சொல் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. நான் சிரித்துவிட்டேன். எனக்கே அது யாருடைய சத்தம் என்று ஒரு கணம் புரியவில்லை. நீயும் சிரித்திருப்பாய், அது எனக்குத் தெரியும். வார்டுக் கதைகளில் நீ சொல்லாத ஜோக்கா? அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

"கீழ் புள்ளி வைக்கலியா?" என்றார் அண்ணாச்சி.

"அதுக்கு மே மாசம் வரணும்."

"மே மாசம் எவன் இருப்பான் இங்க? எல்லாரும் ரயிலேறிருவோம். ஹால் காலியாத்தான் கெடக்கும்."

"அதான் அண்ணாச்சி வேணும்."

"அப்ப வருவிய" என்றார். கேள்வியாக இல்லை.

பாட்டிலை ஷீபா என்னிடமே கொடுத்துவிட்டாள். "நான் வச்சிருந்தா மே வர்றதுக்குள்ள தொலைச்சிருவேன்" என்றாள். ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிட்டேன்.

இன்று காலை ஆபீஸ் போகும்போது மெட்ரோ சோதனையில் காவலர் என் பையைத் தடவி நிறுத்தினார். பாட்டிலை வெளியே எடுத்துப் பார்த்தார். பிறகு, இது யாருடையது என்பதுபோல என் நகங்களைப் பார்த்தார்.

"மேடம் கா ஹை?"

"ஹாங்" என்றேன். "மேடம் கா."

"டக்கன் டீலா ஹை, பாய் ஸாப். ஸூக் ஜாயேகா."

மூடி தளர்ந்துதான் இருந்தது. பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. ஓரமாக நகர்ந்து, மூடியை இறுக்கித் திருகினேன். மே வரை காயக் கூடாது.